கொப்பரையும் பொட்டலமும்

வெல்டருடைய கொப்பரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கிடையாது. மூடிப்போன சோப்புத் தொழிற்சாலை ஒன்றின் பாய்லரிலிருந்து அறுத்தெடுத்த கவிந்த மூடி அது. வெல்டர் அதை மல்லாத்திப் போட்டு, மூன்று கால் வைத்து, இரண்டு காது வைத்து, ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரியாமல் ராவி, சமையல் பாத்திரமாக்கிவிட்டார். ஒரு வருஷம் ஏரிக்கரை முகாமில் அதைக் கவிழ்த்து வைக்க மறந்துபோனார்கள். மழை பெய்தது. விடிந்ததும் பார்த்தால் ஏரியில் ஒரு வாத்து இல்லை. எல்லாம் கொப்பரைக்குக் குடிவந்திருந்தன. கழுவுவதற்காக அதை ஏரியில் இறக்கினால் எதிர்க்கரையில் தண்ணீர் ஒரு சாண் ஏறும். நம்பாதவர்கள் வெல்டருடைய மாமனாரைக் கேட்டுக்கொள்ளலாம். அவரும் இதையேதான் சொல்வார், வாத்துகளை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

மாமனார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காலமெல்லாம் லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் மாடிக் கணக்கில்தான் அளப்பார். கோபம் வந்தால், "நான் இப்ப ஆறாவது மாடியில நிக்கிறேன், என்கிட்டப் பேசாதே" என்பார். வருஷா வருஷம் கோடையில் அவரும் அவருடைய இரண்டு மகள்களும் மூத்த மாப்பிள்ளையான வெல்டரும் வேன் பிடித்து அந்த ஏரிக்கரைக்குப் போவார்கள். கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவார்கள். சமையல் வெல்டருடையது. அதில் வேறு பேச்சே இல்லை.

பட்டறையில் முகமூடி போட்டுக் குனிந்தே கிடக்கிற மனிதர் ஏரிக்கரையில் மட்டும் நிமிர்ந்து நிற்பார், கையில் கரண்டியோடு. அவர் சமையல் சுருக்கமான வேலை அல்ல. வெங்காயத்தை ஒரு சட்டியில் வதக்குவார். உருளைக்கிழங்கை இன்னொரு சட்டியில் வேகவைப்பார். கோழியை மூன்றாவது சட்டியில் சிவக்க வறுப்பார். தக்காளியைத் தனியாகச் சுருட்டி எடுப்பார். எல்லாவற்றையும் கடைசியில் கொப்பரையில் தள்ளி, மிளகு தட்டிப் போட்டு, மூடி வைத்துவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி அங்கேயும் இங்கேயும் நடப்பார். மாமனார் ருசி பார்த்துவிட்டு, "நாலாவது மாடி, மாப்ளே. கதவு திறந்திருக்கு, மேல இன்னும் இருக்கு" என்பார். அது வெல்டருக்கு உறைக்காது. அவருக்கு வேண்டியது வேறு.

முதல் தட்டு அவர் மனைவிக்குத்தான் போகும். அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ஓட்டை வழியாகவே ஊரோடு பேசிப் பழகியவள் ஆதலால் வார்த்தைகளைச் சில்லறை மாதிரிதான் வெளியே விடுவாள். தட்டை வாங்குவாள், விறுவிறு என்று சாப்பிடுவாள். வெல்டர் கரண்டியை ஏந்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்பார். "வேணாங்க, அப்புறம் போகாது" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்துவிடுவாள்.

எத்தனை வருஷமாகவோ அதே கேள்வி, அதே பதில். சரி, இவளுக்குத் தீப்பெட்டி அளவு வயிறு, ஒரு தட்டுக்கு மேல் தொண்டையில் இறங்காது போல என்று வெல்டர் எடுத்துக்கொண்டார். ஆனாலும் மனசுக்குள் ஓர் ஆசை கிடந்தது. ஒரே ஒரு தடவை அவளாகத் தட்டை நீட்டி, இன்னும் இருக்கா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகவே அவர் வருஷத்துக்கு ஒரு மசாலா மாற்றிப் பார்த்தார்.

இளைய மாப்பிள்ளை, அதாவது வெல்டருடைய சகலை, ஏசி மெக்கானிக். கோடை வந்தால் அவனைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊர் வியர்க்கிறபோது அவன் எப்படி ஓய்ந்து உட்கார முடியும்? ஆகையால் கல்யாணமான நாளிலிருந்து அவன் முகாமுக்கு வந்ததே இல்லை. இந்த வருஷம் வெயில் ஏமாற்றிவிட்டது. மேகம் போர்த்திக்கொண்டு தூங்கியது. ஊரில் ஒரு ஏசிகூடக் கெட்டுப்போகாமல் அழிச்சாட்டியம் செய்தது. "நானும் வரேன்" என்று அவன் வேனில் ஏறினான். கொப்பரை இரண்டு சீட்டைப் பிடித்துக்கொண்டதால் அவன் உட்கார இடம் இல்லை. சிரித்துக்கொண்டே கொப்பரைக்குள் உட்கார்ந்து வந்தான். மடியில் ஒரே ஒரு பை. அதற்குள்ளிருந்து வெள்ளி மாதிரி என்னமோ மின்னியது.

ஏரிக்கரையில் இறங்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. கொப்பரையை இறக்கி, கல் அடுக்கி, விறகு பொறுக்கி, வெல்டர் முதல் சட்டியை ஏற்றுவதற்குள் எல்லாருக்கும் பசி காதை அடைத்தது.

"அண்ணே, நீங்க நிதானமா பண்ணுங்க" என்றான் சகலை. "அதுவரைக்கும் வாய் சும்மா இருக்க வேணாமேன்னு சின்னதா ஒண்ணு போட்டுடறேன்."

"போடுங்க சகலை, தாராளமா" என்றார் வெல்டர். சகலையை அவர் 'நீங்க' என்று சொல்வது மரியாதைக்காக அல்ல, தூரத்துக்காக.

பையிலிருந்து அலுமினியத் தாள் சுருள் ஒன்று வெளியே வந்தது. சமையலறைச் சரக்குத்தான், ஆனால் அவன் கையில் அது வேலைத்தளத்துச் சரக்கு மாதிரி நடந்துகொண்டது. முழம் போட்டுக் கிழித்தான், இரட்டையாக மடித்தான். நடுவில் மெல்லிசாகச் சீவின உருளைக்கிழங்கு, வெங்காயம், நசுக்கின பூண்டு. மேலே வீட்டிலேயே மிளகும் எலுமிச்சையும் உப்பும் பிசறிப் பையில் போட்டுக் கொண்டுவந்த கோழித்துண்டு. அதற்கும் மேலே ஒரு கொட்டைப்பாக்கு அளவு வெண்ணெய். பிறகு ஏசி குழாய்க்கு உறை சுற்றுகிற கையோடு இரண்டு விளிம்பையும் சேர்த்து இரண்டு மடிப்பு மடித்து, கட்டை விரல் நகத்தால் இழுத்து நீவினான். ஒரு மூலையை மட்டும் அழுத்தாமல் விட்டான்.

வெல்டருடைய கண் நேராக அந்த மூலைக்குப் போயிற்று. "இது ஏன் சகலை திறந்திருக்கு?"

"மூச்சு விடணும்ல அண்ணே."

"எங்க பட்டறையில இதுக்கு லீக்குன்னு பேரு."

"எங்க வேலையிலயும் லீக்குதான். சமையல்ல மூச்சு."

வெல்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஊசிமுனை நுழையாத ஜாயிண்ட் போடுகிறவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருக்கு ஓர் ஓட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது, ஒழுகுகிற மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவது மாதிரி.

பொட்டலங்கள் தணலில் போய்ப் படுத்தன. கொஞ்ச நேரத்தில் அந்தத் திறந்த மூலைகளிலிருந்து வாசனை புறப்பட்டது. அது சும்மா வந்த வாசனை இல்லை. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருவர் மீன் கடிக்கிறதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து நின்றார். மீனும் வந்த வேலையை மறந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

தட்டு இல்லை, கிண்ணம் இல்லை. ஆளுக்கொரு பொட்டலம், ஆளுக்கொரு முள்கரண்டி. பிரித்தால் ஆவி. வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்ந்து அடியில் தேங்கி நின்றன. மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மொட்டை மாடி" என்றார். "இதுக்கு மேல வானம்தான்."

வெல்டர் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் மனைவி பொட்டலத்தை வழித்து, ரொட்டித்துண்டால் அந்தத் தாளையும் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்கிக் கேட்டாள்:

"இன்னொண்ணு இருக்கா?"

வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த வெல்டருடைய கை நின்றது. வெங்காயம் நிற்கவில்லை, கருகியது.

"இருக்கே அக்கா! இது உங்க தங்கச்சிக்கு வெச்சது, பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றான் சகலை.

"என் பங்கை எடுத்து என் அக்காவுக்கே தர்றியா? நல்லா இருப்பே" என்றாள் தங்கை. அவள் நர்ஸ், யாருக்கும் சிரித்துக்கொண்டே ஊசி குத்துகிறவள்.

இரண்டாவது போயிற்று. மூன்றாவதும் போயிற்று. பிறகு வெல்டருடைய மனைவி வெள்ளித்தாளைக் கசக்கி உருண்டையாக்கிக் குப்பைப் பையில் எறிந்தாள். போய் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். வேலை முடிந்துவிட்டது. கழுவ ஒரு சட்டி கிடையாது.

கொப்பரை தயாரானபோது யாருக்கும் வயிற்றில் இடம் இல்லை. "வாசனையே போதும் அத்தான், நிறைஞ்சிடுச்சு" என்றாள் தங்கை. வெல்டர் மனைவியிடம் தட்டைக் கொண்டுபோனார். அவள் கொப்பரையைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த நாலு சட்டியைப் பார்த்தாள், காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள்.

"வேணாங்க, அப்புறம்..."

"போகாது. தெரியும்" என்று வெல்டர் முடித்துவைத்தார்.

அவருக்குத் தாங்கவில்லை. போகாது போகாது என்றவளுக்கு மூன்று பொட்டலம் எப்படிப் போனது? தொண்டை ஒன்றுதானே? வழியில் எங்காவது செக்போஸ்ட் வைத்திருக்கிறாளா, அவன் வண்டி வந்தால் மட்டும் கட்டையைத் தூக்குவதற்கு? இத்தனை வருஷமாக மிளகை மாற்றி, பூண்டை மாற்றி, விறகைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. நேற்று வந்தவன், அதுவும் கொப்பரைக்குள் உட்கார்ந்து வந்தவன், ஓட்டைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டானே அந்த வார்த்தையை!

மறுநாள் காலை இன்னும் மோசம். சகலை பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே தோண்டி, அந்தக் கிண்ணத்தில் ஆளுக்கொரு முட்டை உடைத்து ஊற்றித் தணலில் வைத்தான். முட்டையைச் சாப்பிட்டு முடித்தால் கிண்ணத்தையும் சாப்பிட்டுவிடலாம். அது போதாதென்று வாழைப்பழத்தைத் தோலோடு கீறி, உள்ளே சாக்லேட்டைச் செருகி, அதையும் தணலில் போட்டான். தோல்தான் தட்டு. சாப்பிட்டுவிட்டுத் தட்டை வீசி எறிய வேண்டியதுதான்.

"மாமா, இது எந்த மாடி?" என்றான்.

"மொட்டை மாடிக்கு மேல தண்ணித் தொட்டி இருக்கும் பாரு" என்றார் மாமனார். "அது மேல ஏறி நிக்கிறேன்யா."

வெல்டருடைய மனைவி இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். காலை ஆட்டிக்கொண்டு வேறு இருந்தாள். அவளுக்குக் கால் ஆட்டுகிற பழக்கம் உண்டு என்பதே வெல்டருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு வயிறு எரிந்தது. அன்று காலை எழுந்த எரிச்சலை ஒழுங்காக அடியில் வைத்திருந்தால் விறகு இல்லாமலே பால் காய்ச்சியிருக்கலாம்.

"பொட்டலம்தானே?" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "நானும் கட்டறேன் பொட்டலம்."

சும்மா ஒரு தாளைக் கசக்கிச் சுற்றுவது அவருக்குத் தொழில் அல்ல. வேனிலிருந்து கைக்கு அடக்கமான கேஸ் பர்னரையும் இரண்டு பித்தளைக் கம்பியையும் எடுத்துவந்தார். மற்றவர்கள் தீப்பெட்டி கொண்டுவருகிற மாதிரி அவர் அதைக் கொண்டுவருவார். மாமனாருடைய பிஸ்கட் டின் அகப்பட்டது. பிஸ்கட்டை மாமனாருடைய தொப்பியில் கொட்டினார். டின்னுக்குள் கோழி, கிழங்கு, தக்காளி, வெண்ணெய், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு மசாலா, கொஞ்சம் தண்ணீர். மூடியைப் போட்டு, ஈரத்துணியைச் சுற்றி, நாலு பக்கமும் பித்தளையால் பற்றவைத்தார். அப்படியொரு ஜாயிண்டை அவர் தன் பட்டறையில்கூடப் போட்டதில்லை. பொறாமைக்குக் கை நடுங்காது போல. தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

சகலை டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணே, மூலை?"

"மூலையெல்லாம் ஜாயிண்ட் போடத் தெரியாதவங்களுக்கு."

"அது சரிண்ணே. ஆவி எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அதுதான் சகலை வேலைப்பாடு. ருசி பூராவும் உள்ளேயே நிக்கும்."

 சகலை மாமனாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரோரம் வைத்தான். பெண்கள் இரண்டு பேரையும், "அக்கா, இங்க வாங்க, மீன் துள்ளுது பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டான். வெல்டர் மட்டும் அடுப்பிலிருந்து நாலு எட்டு தள்ளிக் கொப்பரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் கொப்பரை அவருக்குச் செய்த உபகாரங்களில் அது பெரியது.

தணலில் ஏறிய டின் முதலில் லேசாகச் சதை போட்டது. அப்புறம் கன்னம் உப்பியது. சதுரமாக இருந்தது பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டு, என்னமோ சொல்ல வந்து சொல்லாமல் அடக்குகிற ஆள் மாதிரி முக்கியது. அப்புறம் அது அங்கே இல்லை.

"கிரவுண்டு" என்றார் மாமனார், அண்ணாந்து பார்த்துக்கொண்டே. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நிக்காம போகுது... ஆறு... ஏழு..."

ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஜாயிண்ட் விட்டுக்கொடுக்கவில்லை, தகரம்தான் கிழிந்தது. இதை வெல்டர் இன்றுவரை யாரிடமும் எடுத்துச் சொல்லத் தவறுவதில்லை. மற்றபடி, கூடாரம் மூன்றும் சிவந்தன. வேனுடைய முன்கண்ணாடியில் கிழங்கு ஒட்டியது. கொடியில் காய்ந்த துணிகளுக்கு மசாலா பூசியாயிற்று. ஒரு கோழிக்கால் சகலையுடைய சட்டைப் பைக்குள் நேராக வந்து இறங்கியது, கொடுத்துவைத்தவன். டின்னின் அடிப்பாதி மட்டும் உள்ளே இருந்ததைச் சிந்தாமல் ஏரியைத் தாண்டிப் பறந்து, எதிர்க்கரைத் தூண்டில்காரருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

 பிறகு தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு! இன்னொண்ணு இருந்தா அனுப்புங்க!"

வெல்டர் மனைவியைப் பார்த்தார். அவள் காதிலிருந்து ஒரு தக்காளித் துண்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். அவரையே வெச்சுக்கிட்டு ஆக்கிப் போடுங்க" என்றாள். அப்படியே பாறையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். டிக்கெட் கவுண்டரில் ஒரு மாசத்துக்குச் செலவழிக்கிற வாயை அன்றைக்கு ஒரே சிரிப்பில் செலவழித்தாள். சிரித்து முடித்ததும் தேய்க்கிற நாரையும் சோப்பையும் கொண்டுவந்து வெல்டர் கையில் வைத்தாள். "இறைச்சவங்களே வழிச்சிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து வெல்டர் சமைத்திருக்கிறார், சமைத்ததைக் கழுவியதில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொண்டார். வெண்ணெயும் தக்காளியும் கலந்த மசாலா சூடாக இருக்கும்போது ஒரு துடைப்பில் வந்துவிடுகிறது. ஆறினால் நகம் வேண்டும். காய்ந்தால் உளி வேண்டும். முதல் கூடாரத்தை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போவதற்குள் அது ஆறிவிட்டது. இரண்டாவதோடு மல்லுக்கட்டும்போது மூன்றாவது காய்ந்துகொண்டிருந்தது. அதுவரை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்த வெயில், இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே வெளியே வந்து நின்றது. வெல்டர் வெயிலோடு பந்தயம் ஓடினார்.

"அத்தான், சாப்பிட வாங்க" என்று தங்கை கூப்பிட்டாள்.

சகலையுடைய பொட்டலம்தான். இந்தத் தடவை மீனும் சோளமும். வெல்டர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, கண் மூன்றாவது கூடாரத்தின் மேல் இருக்க, விறுவிறு என்று வாயில் அள்ளிப் போட்டார். ருசி தெரிந்ததா என்றால், நன்றாகவே தெரிந்தது. அது தெரிந்ததில்தான் அவருக்குக் கோபம்.

"இன்னொண்ணு தரவா அத்தான்? நிறைய இருக்கு."

"வேணாம்மா" என்றார் வெல்டர், நாரை எடுத்துக்கொண்டே. "அப்புறம் போகாது."

சொன்னவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எது போகாது?" என்றாள் தங்கை.

"கறை" என்றார் வெல்டர்.

சொன்ன வாய் மூடவில்லை. வருஷா வருஷம் அந்தப் பதிலைச் சொல்லும்போது அவள் நின்றுகொண்டுதானே இருந்தாள்? கையில் அந்த நாலு சட்டியும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததே? வெளிச்சம் இருக்கும்போதே ஏரிக்கு இறங்கி, மசாலா காய்வதற்குள் தேய்த்துவிட வேண்டுமென்று முதல் தட்டைக்கூட முழுங்கிவிட்டு ஓடியவள் அவள். தொண்டையில் போகாது என்று அவர் எடுத்துக்கொண்டார். சட்டியிலிருந்து போகாது என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இரண்டு வழியாகப் போயிருக்கிறார்கள்.

வெல்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது கூடாரத்தைப் பொழுது சாய்கிறவரை தேய்த்தார்.

இத்தோடு பொறாமை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அது என்ன சளியா, ஒரு வேளை மாத்திரையில் போவதற்கு? ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டு அவர் வேறு மாதிரி யோசித்தார். சரி, சட்டிக்காக எழுந்தாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டி இல்லாமல் இருந்தால் மட்டும் என்னிடம் கேட்டிருப்பாளா? அதற்கு என்ன அத்தாட்சி? ருசியும் இல்லாமல் இருந்திருக்கலாமே? நாலாவது மாடிதானே? அந்த நினைப்பு முந்தின நினைப்பைவிடக் கூர்மையாகக் குத்தியது. முகாமில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பகல் சாப்பாடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேன் ஏற வேண்டும்.

காலையில் அவர் சகலையிடம் போனார். "இன்னிக்கு நான்."

"செய்ங்கண்ணே. தாள் வேணுமா?"

"வேணாம்."

"டின்?"

"சகலை..."

"சும்மா கேட்டேன்ணே."

வெல்டர் பழையபடியே சமைத்தார். வெங்காயத்துக்கு ஒரு சட்டி, கிழங்குக்கு ஒரு சட்டி, கோழிக்கு ஒரு சட்டி, தக்காளிக்கு ஒரு சட்டி. ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. புது மசாலா எதையும் போடவில்லை. கொப்பரை கொதித்து அடங்கியதும் முதல் தட்டை மனைவிக்குக் கொடுத்தார். கரண்டியைக் கொப்பரையிலேயே நிறுத்தினார். மற்றவர்கள் தட்டோடு வருவதற்குள் நாலு சட்டியையும் தானே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு ஏரிக்கு இறங்கிவிட்டார்.

கரைக்குக் கீழே, பாறைக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அவர் தேய்த்தார். அங்கிருந்து மேலே இருப்பது எதுவும் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். மாமனார் என்னமோ மாடி சொன்னார். அது காதில் சரியாக விழவில்லை. தங்கை சிரித்தாள். மனைவியின் குரலைக் காணோம். வெங்காயச் சட்டி முடிந்தது. கிழங்குச் சட்டி முடிந்தது. இன்னும் குரலைக் காணோம்.

"என்னடி தேடறே?" என்றார் மாமனார்.

"சட்டிங்கப்பா. இங்கதானே வெச்சிருந்தாரு."

"அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு அக்கா, கழுவறதுக்கு" என்றான் சகலை.

"யாரு?"

"வெல்டரண்ணேதான்."

 வெல்டர் தேய்க்கிற கையை நிறுத்திவிட்டார், நார் உரசுகிற சத்தம் குறுக்கே வரக்கூடாது என்று. ஒரு வாத்து பக்கத்தில் வந்து குவாக் என்றது. அதன் வாயைப் பொத்த முடியுமா என்று பார்த்தார்.

மேலே யாரோ திரும்ப உட்காருகிற சத்தம். பாய் சரசரத்தது. முள்கரண்டி தட்டில் பட்டது, நிதானமாக, ஒவ்வொரு வாயாக. அவ்வளவு மெதுவாக அவள் சாப்பிட்டு வெல்டர் கேட்டதே இல்லை. பிறகு தட்டை வழிக்கிற சத்தம். பிறகு,

"இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கே அக்கா!" என்றது சகலையுடைய குரல். கொப்பரையில் கரண்டி உரசியது. "தட்டை நீட்டுங்க, நான் போடறேன்."

வெல்டர் தண்ணீரை விட்டு எழுந்த வேகத்தில் ஏரி ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. கரையில் ஏறினாரா, தாண்டினாரா என்று யாரும் பார்க்கவில்லை. முழங்கை வரைக்கும் சோப்பு நுரை, ஒரு கையில் கோழிச் சட்டி, இடுப்புக்குக் கீழே எல்லாம் தண்ணீர்.

"சகலை! கரண்டியை வைங்க கீழே!"

சகலை கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். "அக்கா கேட்டாங்கண்ணே..."

"கேட்டது எனக்கும் கேட்டுது. வைங்க."

கரண்டி கை மாறியது. வெல்டர் நுரைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கொப்பரையை அடியோடு கலக்கி, நல்ல துண்டாகத் தேடினார். மனைவி தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவர் போட்டார். அவள் தட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டார். அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். காலை ஆட்டினாள்.

"அண்ணே" என்றான் சகலை, தன் தட்டையும் நீட்டி. "பிரமாதமா இருக்குண்ணே. எனக்கும் ஒரு கரண்டி."

கொப்பரையில் இன்னும் இருபது பேர் சாப்பிட இருந்தது. வெல்டர் அதற்குள் நன்றாக எட்டிப் பார்த்தார். கரண்டியால் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டினார். மூடியை எடுத்து மூடினார்.

"தீந்துபோச்சு சகலை" என்றார்.